நெல்லுக்கு விலை சொல்வது யார்?

சந்தையை அதன் போக்கில் விட்டால் எல்லாம் சரியாகும் என்று ஒரு சாராரும், அரசு கைவைக்காவிட்டால் ஏழை பட்டினி கிடப்பான் என்று இன்னொரு சாராரும் வெகுகாலமாக வாதாடி வருகிறார்கள். இந்தச் சண்டை பெரும்பாலும் கொள்கைப் பெயர்களிலேயே தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இரு தரப்பின் கூற்றுக்கும் நம் மண்ணிலேயே, அதுவும் அரிசி என்ற ஒரே பொருளை வைத்து, நூற்றைம்பது ஆண்டுகளாகச் சோதனை நடந்திருக்கிறது. அரசு ஒதுங்கி நின்றதால் லட்சக்கணக்கானோர் மாண்டதைச் சென்னை மாகாணம் பார்த்திருக்கிறது. அரசு கட்டுப்பாட்டை விலக்கியதும் பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்ததையும் பார்த்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. அரசுத் தலையீடு என்று ஒரே மூச்சில் சொல்வதற்குள் இரண்டு வேறு காரியங்கள் இருக்கின்றன: விற்க வருகிறவனை வழிமறிப்பது, வாங்க வழியில்லாதவனுக்குக் கைகொடுப்பது. முதலாவதைப் பற்றித் தாராளச் சந்தைக்காரர்கள் சொன்னது ஏறத்தாழ முழுக்கச் சரி. இரண்டாவதையும் அதே கோலால் அடித்தபோது அவர்கள் தவறினார்கள். அந்தத் தவறு ஒருமுறை உயிர்களையே வாங்கியது.

1876-இல் மழை பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பையிலிருந்து வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் வரை நிலம் காய்ந்தது. அப்போது சென்னை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் அரசு, ஒரு வணிக நிறுவனத்தின் வழியாகச் சுமார் 30,000 டன் தானியம் வாங்கியது. வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. அரசே தானியம் வாங்க இறங்கினால் தனியார் வியாபாரி பயந்து ஒதுங்கிவிடுவான், பற்றாக்குறை இன்னும் கூடும் என்பது கல்கத்தாவிலிருந்த அந்த அரசின் கணக்கு. அந்தக் கணக்கை நடைமுறைப்படுத்த 1877 ஜனவரியில் சென்னைக்கு வந்தவர் ரிச்சர்ட் டெம்பிள். மூன்றாண்டுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் நிவாரணப் பொறுப்பிலிருந்து, பர்மாவிலிருந்து சுமார் 4.5 லட்சம் டன் அரிசி வரவழைத்து, சாவு அதிகம் நேராமல் தடுத்தவரும் இதே டெம்பிள்தான். அதற்காகப் பாராட்டு கிடைக்கவில்லை. பணத்தை வாரி இறைத்தார் என்ற பழிதான் மிஞ்சியது. சென்னைக்கு வந்தபோது அவர் அந்தப் பழியைத் துடைக்கும் அவசரத்தில் இருந்தார்.

நிவாரண வேலையில் கல்லுடைத்த ஓர் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும், அதற்கு மேல் ஒரு சிறு தொகையும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் உடலுழைப்பு செய்கிறவன் பிழைக்க முடியாது என்று எதிர்த்து எழுதினார். அந்தக் காலத்தில் சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, இந்த வழக்கை 1878-இல் ஒரு நூலாகவே பதிவு செய்தார். ரயில் இருந்தது, துறைமுகத்தில் தானியம் இறங்கியது, வியாபாரம் எந்தத் தடையுமின்றி நடந்தது. இந்தியாவிலிருந்து கோதுமை ஏற்றுமதிகூட நிற்கவில்லை. அப்படியும் தென்னிந்தியாவில் மாண்டவர்களின் தொகையை மதிப்பீடுகள் 50 லட்சத்துக்கு மேல் வைக்கின்றன.

டெம்பிள், லிட்டன் ஆகியோரின் கையில் இருந்தது ஆடம் ஸ்மித்தின் வாதம். 1776-இல் வந்த நூலில் அவர் தானிய வணிகத்துக்கென்றே ஒரு நீண்ட பகுதி ஒதுக்கியிருக்கிறார். விளைச்சல் குறைந்த ஆண்டில் வியாபாரி முன்கூட்டியே விலையை ஏற்றினால், மக்கள் முதல் மாதத்திலிருந்தே சிக்கனமாக இருப்பார்கள். தானியம் அடுத்த அறுவடை வரை வரும். அரசு விலையை அடக்கினால் எல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோய், பற்றாக்குறை பஞ்சமாக முற்றும். இது முட்டாள்தனமான வாதமல்ல. கையில் காசுள்ளவனைப் பொறுத்தவரை அப்படியே உண்மை. மழை பொய்த்ததும் நிலமற்ற கூலிக்கு முதலில் போவது வேலை, அரிசி அதற்குப் பிறகுதான். கூலி நின்ற பிறகு கடையில் எவ்வளவு அரிசி இருந்தால் அவனுக்கென்ன? அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய பஞ்ச ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. சந்தை விலை தேவையைக் காட்டுகிறது என்கிறோம். வாங்கும் சக்தி உள்ளவனின் தேவையைத்தான் அது காட்டுகிறது. சக்தியற்றவனின் பசி விலைக்குள் வருவதே இல்லை.

வெள்ளைக்கார அரசே இதிலிருந்து ஒரு பாடம் படித்தது. 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. வியாபாரியைத் தொடாதே, விலையைத் தொடாதே, ஆனால் பஞ்சம் தலைகாட்டியதும் வேலை திறந்து கூலி கொடு என்பது அதன் சாரம். சந்தையும் அரசும் தத்தம் இடத்தில் நின்ற ஏற்பாடு அது. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்காமலே விட்டார்கள். அதனால் விதித்தொகுப்பு அமலுக்கு வரவில்லை. மாகாணங்கள் தங்கள் எல்லையைத் தாண்டித் தானியம் போகாதபடி தடையும் போட்டுக்கொண்டன. கைகொடுக்கவும் இல்லை, வழியும் மறித்தார்கள்.

பர்மா ஜப்பானியர் வசம் போனதும் பர்மா அரிசி நின்றது. போர்க்காலத்தில் வந்த ரேஷன், கொள்முதல், மாவட்டத்துக்கு மாவட்டம் தடை எல்லாம் போர் முடிந்தும் போகவில்லை. இவற்றை எடுத்துவிடுங்கள் என்று 1947 கடைசியில் கேட்டவர் காந்தி. கட்டுப்பாடு பொய்யையும் கள்ளச்சந்தையையும் வளர்க்கிறது என்பது அவர் வாதம். அரசு இணங்கியது. 1948-இல் விலை தாறுமாறாக ஏறியது. அந்த ஆண்டே கட்டுப்பாடு திரும்ப வந்தது. தாராளச் சந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த ஓராண்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

ஏனென்றால் 1952 ஜூனில் ராஜாஜி அதே காரியத்தைச் சென்னையில் செய்தார், அது பலித்தது. முதலமைச்சராகி இரண்டு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. உணவு ரேஷனையும் கட்டாயக் கொள்முதலையும் நீக்கினார். விலை ஏறும், ஏழை அழிவான் என்ற எச்சரிக்கை நாலா பக்கமும் எழுந்தது. அஞ்சிய பேரழிவு வரவில்லை. கணக்கில் காட்டாமல் வைத்திருந்த நெல் வண்டியேறியது. தில்லியில் உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் இதைப் பார்த்து நாடு முழுவதும் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்.

1948-இல் தோற்றது 1952-இல் வென்றது எப்படி? பிரிவினை நடந்த கையோடு, சரக்குப் போக்குவரத்து முறிந்து, கையிருப்பு இல்லாத நேரத்தில் முதல் முயற்சி நடந்தது. இரண்டாவது முயற்சி நடந்தபோது கொரியப் போர் ஏற்றிவிட்ட உலக விலைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. 1951-இல் அமெரிக்கா கடனாகக் கொடுத்த கோதுமை கிடங்கில் இருந்தது. அடுத்து மழையும் கைகொடுத்தது. ஆக, அரசின் கையில் சரக்கு இருந்ததால்தான் அரசு கையை எடுக்க முடிந்தது. இதைச் சொல்வதால் ராஜாஜியின் துணிச்சல் குறைந்துவிடாது.

கட்டுப்பாடு ஏன் சரக்கைப் பதுங்க வைக்கிறது என்பதற்கு நல்ல விளக்கம் தந்தவர் பொருளாதார அறிஞர் ஹயெக். 1945-இல் அவர் எழுதிய கட்டுரையின் கருத்தை நம்மூர் நிலவரத்தில் சொல்லலாம். கும்பகோணத்து நெல் வியாபாரிக்குத் தெரிந்தவை பல. எந்த ஊரில் தண்ணீர் கடைமடைக்கு எட்டவில்லை, எந்த நெல் ஈரம், எந்த மில்லில் உமி அதிகம் போகிறது, யாருக்குக் கல்யாணச் செலவு இருப்பதால் அவசரமாக விற்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவற்றைப் படிவத்தில் எழுதிச் சென்னைச் சேப்பாக்கத்து அரசு அலுவலகத்துக்கு அனுப்ப முடியாது. அனுப்பினாலும் போய்ச் சேர்வதற்குள் நிலவரம் மாறிவிடும். விலை அந்தத் துண்டு துண்டான அறிவையெல்லாம் ஓர் எண்ணாகத் திரட்டி எல்லோருக்கும் சொல்கிறது. அரசு அந்த எண்ணை எழுதி ஒட்டிவிட்டால், சொல்ல வேண்டிய செய்தி நின்றுபோகிறது. அதிகாரி கெட்டவர் என்பதல்ல குற்றச்சாட்டு. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லை என்பதே.

இந்திய அரசு இதைக் கேட்கும் மனநிலையில் இல்லை. 1951-இல் வந்த தொழில் சட்டப்படி ஆலை தொடங்க, விரிவாக்க, புதுப் பொருள் செய்ய எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டியிருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் குழுவில் ஒருவர் மட்டும், பி. ஆர். ஷெனாய், 1955-இல் மாறுபட்ட குறிப்பு எழுதினார்: நோட்டடித்துத் திட்டம் போட்டால் பணவீக்கம் வரும், கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு வரும் என்று. அதே ஆண்டு இந்தியா வந்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்ட்டன் ஃப்ரீட்மனும் ஏறத்தாழ அதையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டதை அடுத்து, 1959-இல் ராஜாஜி எண்பது வயதில் சுதந்திராக் கட்சி தொடங்கினார். லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ் என்று அவர் வைத்த பெயர் இன்றும் வழங்குகிறது. 1967-இல் அக்கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்தது. 1971-இல் எட்டாகச் சுருங்கி, விரைவில் கலைந்தும் போனது. ஆனால் வாதம் கலையவில்லை. பொருளாதார அறிஞர் ஆன் க்ரூகர் 1974-இல் எழுதிய ஆய்வில், 1964-ஆம் ஆண்டு இந்தியாவில் உரிமங்களைச் சுற்றி உருவான ஆதாயம் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்று கணக்கிட்டார். திறமைசாலிகள் நல்ல பொருள் செய்வதை விட்டுவிட்டு உரிமம் வாங்கித் தரும் ஆளைத் தேடி அலைந்தார்கள் என்பது அதன் பொருள். 1991 ஜூலை 24 அன்று, பதினெட்டுத் தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமம் வேண்டாம் என்று அரசே அறிவித்தது. இந்த வழக்கில் தீர்ப்பு ஷெனாயின் பக்கம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ராஜாஜியை ஒரே வார்ப்பில் அடக்குகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அரிசியை அவிழ்த்துவிட்ட அதே காலத்தில், வேட்டியும் சேலையும் நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும், மில்கள் நெய்யக் கூடாது என்று தில்லியை வற்புறுத்தியவரும் அவர்தான். நெசவாளர் குடும்பங்களின் பட்டினியை அவர் கண்ணால் பார்த்தார். கொள்கையாக அது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. அது மறித்தல் வகைதான். ஆனாலும் அந்தப் பதைப்பு இல்லாத பொருளாதாரம் டெம்பிளின் பொருளாதாரமாகிவிடும்.

அரிசியில் கட்டுப்பாடு 1960-களில் மறுபடி வந்தது. தென்மாநிலங்களுக்குள் அரிசி தடையின்றிப் போய்வந்த தென்மண்டலம் 1964-இல் உடைந்து ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமானது. தஞ்சாவூரில் விளைந்ததைக் கேரளத்துக்குக் கொண்டுபோவது குற்றமாயிற்று. பாலக்காட்டில் விலை எகிற, இந்தப் பக்கம் உழவனுக்குக் குறைந்த விலை. நடுவில் சோதனைச் சாவடி. இருபுறமும் இழந்ததை வாரிக்கொண்டது கடத்தல்காரனும் சாவடியும்தான். சிறு மூட்டையாகக் கட்டி ரயிலில் அரிசி கொண்டுபோய்ப் பிழைத்த பெண்களைச் சட்டம் குற்றவாளி என்றது. எந்த நியாயத்தால் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதே ஆண்டுகளில் உணவு அமைச்சரான சி. சுப்பிரமணியம் வேறு வகைத் தலையீடு ஒன்றையும் தொடங்கினார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது; முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். குறைந்தபட்ச ஆதரவு விலை என்ற உறுதி இருந்ததால் உழவர்கள் ஏ.டி.டி. 27 போன்ற புது நெல் ரகங்களில் துணிந்து காசு போட்டார்கள். இந்த விலைக்குக் கீழே போனால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று அரசு சொல்வது, இந்த விலைக்கு மேலே விற்றால் சிறை என்று சொல்வதற்கு நேர் எதிரானது. இரண்டையும் விலைக்கட்டுப்பாடு என்ற ஒரே தலைப்பில் எழுதும் பாடநூல்கள் மாணவர்களைக் குழப்புகின்றன.

1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு தி.மு.க. வந்தது, ராஜாஜியின் கட்சி அதன் கூட்டணியில் இருந்தது. சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுக்கத்தான் முடிந்தது. அங்கிருந்து தொடங்கிய பாதைதான் 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011-இல் விலையில்லா அரிசி என்று வந்து நிற்கிறது. 1997-இல் தில்லி ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்துவிட்டது. வசதியுள்ளவனுக்கும் எதற்கு இலவச அரிசி என்று சந்தைப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பொருளாதார அறிஞர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா போன்றோரின் ஆய்வுகளில் ரேஷன் சரக்கின் கசிவு குறைந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு திரும்பத் திரும்ப வந்தது. காரணத்தை க்ரூகரின் வாதத்திலேயே எடுக்கலாம். யார் ஏழை என்று முத்திரை குத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தால் அந்த முத்திரைக்கு ஒரு விலை பிறக்கும். எல்லோருக்கும் அட்டை என்றால் அந்த விலை பிறக்க இடமில்லை. ரேஷன் அரிசியைப் பாலிஷ் போட்டு எல்லை தாண்டி விற்பது இன்னமும் நடக்கிறது, மறுக்கவில்லை. அட்டையில் பெயர் சேர்க்க அலைந்து திரிவதோடு ஒப்பிட்டால் அது சிறிய நோய்.

பொருளுக்குப் பதில் பணமாகக் கொடுத்துவிடுங்கள், அவரவர் விருப்பப்படி வாங்கட்டும் என்ற ஃப்ரீட்மன் வழி யோசனைக்கும் பக்கத்திலேயே சோதனை உண்டு. புதுச்சேரியில் 2015-இல் தொடங்கி அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. கடை விலை ஏறியது, பணம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. மக்கள் அரிசியைக் கேட்டார்கள். 2024 கடைசியில் கடைகள் திரும்பத் திறந்தன. பணம் தருவது கொள்கையளவில் தவறு என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். விலை ஏற்றத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை மக்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

இலங்கையின் கதை இன்னும் கசப்பானது. 1953-இல் மானிய அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியதும் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1970-களில் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை, சாவடி, பறிமுதல் எல்லாம் வந்தன. அதே ஆட்சி மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். 1977-இல் இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் அவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். கொழும்பில் பாண் (ரொட்டி) வாங்க நின்ற வரிசை மறைந்ததைத் தாராளமயத்தின் வெற்றி என்று எழுதுகிறவர்கள், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கிணற்று நீர் இறைத்து மிளகாய் போட்டவன் என்ன ஆனான் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். இறக்குமதித் தடை நீடித்திருக்க வேண்டும் என்பதல்ல என் கருத்து. ஒரே இரவில் கதவைத் திறந்த அரசு, தடையை நம்பிப் பயிரிட்டவனுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதே என் குறை.

2021-இல் அங்கே நடந்ததைப் பற்றி இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார். நெல் விளைச்சல் விழுந்தது. செப்டம்பரில் அவசரகால விதிகளைக் கொண்டு அரிசிக்கு உச்சவிலை நிர்ணயித்துக் கிடங்குகளில் சோதனை போட்டார்கள். அரிசி கடையிலிருந்து மறைந்தது. அந்த மாதம் முடிவதற்குள் உச்சவிலையை விலக்கிக்கொண்டார்கள். நவம்பரில் உரத் தடையும் போயிற்று. கிளிநொச்சியில் வயல் வைத்திருந்தவனுக்குத் தெரிந்த ஒன்று கொழும்பில் ஒருவருக்கும் தெரியாமல் போனது. ஹயெக் சொன்னது இதைத்தான்.

இந்தியாவில் உழவனின் தரப்பிலிருந்தே சந்தைச் சுதந்திரம் கேட்ட குரல் ஒன்று இருந்தது: மகாராஷ்டிரத்தின் ஷரத் ஜோஷி. எனக்கு மானியம் வேண்டாம், என் பொருளை விற்க விடு என்றார் அவர். 2000-க்குப் பிந்தைய ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளை எடுத்து ஆராய்ந்த ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் 2018-ஆம் ஆண்டு ஆய்வு, ஏற்றுமதித் தடைகளாலும் உள்நாட்டுக் கட்டுப்பாடுகளாலும் இந்திய உழவர்கள் இழந்தது அவர்களது மொத்த வரவில் சராசரியாக 14 சதவீதம் என்று கணக்கிட்டது. மானியத்தைக் கூட்டிக் கழித்த பின்னும் இந்த இழப்பு! ஆனால் 2020-இல் விளைபொருள் வணிகத்தைத் திறந்துவிடும் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தபோது பஞ்சாப் உழவர்கள் ஓராண்டு தில்லி எல்லையில் உட்கார்ந்து அவற்றைத் திரும்பப் பெறச் செய்தார்கள். அவர்களுக்கு நிச்சயமாக வாங்குகிறவர் அரசு ஒருவரே. 2015-இல் வந்த சாந்தகுமார் குழு அறிக்கைப்படி ஆதரவு விலையில் அரசுக்கு விற்கிறவர்கள் நாட்டு உழவர்களில் 6 சதவீதம்தான். அந்தச் சிறு பங்கில் பஞ்சாப் உழவர்களின் இடம் பெரியது. அந்த உறுதியால் நெல்லையே விதைத்து நிலத்தடி நீரை வற்றவிட்டதும் உண்மை. 2006-இலேயே ஒழுங்குமுறைச் சந்தைச் சட்டத்தை நீக்கிய பீகாரில், எதிர்பார்த்த தனியார் சந்தைகள் எழும்பவில்லை என்பதும் உண்மை.

நம் காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். வடகிழக்குப் பருவமழை அதன் தலைமேல் இறங்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த மழையில் நெல் 20-க்கு மேல் நிற்கும். சாலையோரம் கொட்டிக் கிளறிவிட்டு, மழை வந்தால் தார்ப்பாய் மூடி, வெயில் வந்தால் திறந்து, சாக்குக்கும் டோக்கனுக்கும் காத்திருக்கிறார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்தால்தான் எடை போடுகிறார்கள் என்ற புகாரும் ஆண்டுதோறும் எழுகிறது. அரசு ஏகபோகமாக வாங்கினால் என்ன ஆகும் என்று தாராளச் சந்தைக்காரர் சொல்வாரோ அது அப்படியே நடக்கிறது. ஆனால் அந்த நிலையத்தை மூடிவிட்டால் ஈர நெல்லை வாங்கத் தனியார் மில் வருமா? வந்தாலும், முளைவிடத் தொடங்கிய நெல்லை வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் என்ன விலை சொல்லும்? பேரம் பேசக் காத்திருக்க முடியாதவனுக்குச் சந்தை என்பது பெயரளவில்தான்.

ஆகவே நான் கேட்பது இவை. கொள்முதல் நிலையங்கள் இருக்கட்டும். அவற்றோடு உலர்த்தும் இயந்திரமும் ஊர்தோறும் கிடங்கும் வரட்டும். உலர்ந்த நெல்லைக் கையில் வைத்திருப்பவன் அரசிடமும் விற்கலாம், மில்லிடமும் விற்கலாம், விலை பிடிக்காவிட்டால் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். ரேஷன் எல்லோருக்கும் தொடரட்டும். மாநில எல்லையில் நெல்லை மறிக்கும் எந்த உத்தரவும் வேண்டாம். ஏற்றுமதிக்குத் தடை போட்டே ஆக வேண்டும் என்று தில்லி நினைத்தால், விதைப்புக்கு முன் சொல்லட்டும், விலை விழுந்தால் ஈட்டுத்தொகையும் கொடுக்கட்டும். 2023-இல் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தது. பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கு ஏற்றுமதித் தடை ஜூலை 20 அன்று வந்தது, புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி ஆகஸ்டில் வந்தது. இரண்டும் வந்தபோது டெல்டாவில் குறுவை நட்டு முடிந்திருந்தது.